புட்டியின் சிறிய எழுத்து

பிரான்ஸ் தேசத்தில் டிஜோன் நகரத்தை விட்டுத் தெற்கே போன் நகரத்தை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் பத்துப் பன்னிரண்டு மைல் போனவுடன், மேற்கே எழும்பும் தாழ்ந்த குன்றுகளின் அடிவாரத்தில், ஒரு நீண்ட கல்மதில் சாலையோரமாகவே சிறிது தூரம் கூட வந்து, பிறகு சரிவில் ஏறி விலகிப் போவதைக் காணலாம். மதிலுக்குள்ளே இருப்பது சுமார் 50 ஹெக்டேர், நம் கணக்கில் 125 ஏக்கர் அளவுள்ள திராட்சைத் தோட்டம். அதன் மேட்டுப் பக்கத்தில், முற்காலத்துத் துறவிகள் திராட்சை பிழிவதற்காகக் கட்டிய பெரிய கல்கட்டிடம் ஒன்று இன்றும் கம்பீரம் குன்றாமல் நிற்கிறது. க்ளோ த வூஜோ என்பது தோட்டத்தின் பெயர். ‘க்ளோ’ என்றால் மதில் சூழ்ந்த தோட்டம் என்று பொருள். நெப்போலியன் காலத்துத் தளபதி ஒருவர் இவ்வழியே போகும்போது படையை நிறுத்தி, இந்தத் தோட்டத்துக்கு ராணுவ மரியாதை செலுத்தும்படி உத்தரவிட்டார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. நல்ல ஒயின் புட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்கும் அன்பரை, கடைக்கு அழைத்துச் செல்வதற்கு முன்னால் இந்த மதிலடிக்கு அழைத்து வரவே நான் விரும்புவேன்; இவ்விஷயத்தில் மனிதர் ஏமாறுவதற்குரிய மார்க்கங்களில் பெரும்பாலானவை இந்த 125 ஏக்கருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

மதுவைப் பற்றி எழுதுவது தகுமா என்று புருவத்தை நெரிக்கும் வாசகர்கள் இருக்கலாம். அவர்கள் இதை மதுவைப் பற்றிய கட்டுரையாகக் கொள்ளாமல், பெயரைப் பற்றிய கட்டுரையாகக் கொண்டு படிக்கலாம். அதனால் பெரிதாக ஒன்றும் நஷ்டமில்லை.

1098-ஆம் ஆண்டில் இந்த இடத்துக்குக் கிழக்கே சதுப்பு நிலத்தின் நடுவில் சீத்தோ என்ற மடம் ஸ்தாபிக்கப்பட்டது. அதைச் சேர்ந்த சிஸ்டெர்ஷியன் துறவிகள், பக்தர்கள் தானமாகக் கொடுத்ததும் தாங்கள் விலைக்கு வாங்கியதுமான துண்டு நிலங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒன்று சேர்த்து, கல் பொறுக்கி, கொடி நட்டு, கடைசியில் 14-ஆம் நூற்றாண்டில் சுற்றிலும் மதிலை எழுப்பி முடித்தார்கள். அவர்கள் மேட்டு நிலத்தில் விளைந்ததைப் போப்பரசருக்கும், நடு நிலத்தில் விளைந்ததைப் பிஷப்புகளுக்கும் ஒதுக்கிவிட்டு, சாலையோரப் பள்ளத்தில் விளைந்ததைத் தாங்கள் வைத்துக் கொண்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. கதை எப்படியாயினும் அதற்குள் இருக்கும் விவசாய ஞானம் பொய்யல்ல. மேட்டுப் பக்கத்தில் சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய மண், பெய்த மழை நிற்காமல் வடிந்துவிடும். கீழே சாலைக்கு அருகில் கனத்த களிமண், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். பள்ளத்து வயல் நெல்லுக்கு வரம் என்றால் திராட்சைக்குச் சாபம். வேர் சுகமாக நீர் குடித்து வளர்ந்த கொடியின் பழம் பருத்திருக்குமேயன்றிச் சாரம் பற்றியிருக்காது.

துறவிகளின் கையில் இருந்தவரையில் தோட்டம் ஒன்று, எஜமானன் ஒருவன், ஒயினும் ஒரே கைப்பக்குவம். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மடத்துச் சொத்துக்களைப் பறிமுதல் செய்து 1791-இல் ஏலம் விட்டார்கள். பிறகு ஊவ்ரார் என்ற தனவந்தர் குடும்பத்தின் வசத்தில் தோட்டம் பல்லாண்டு பிளவுபடாமல் இருந்து, 1889-இல் முதன்முறையாகத் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அதன்பின் நடந்ததை நம் நாட்டு வாசகருக்கு விவரிக்க வேண்டியதே இல்லை. தகப்பன் சொத்தில் மக்கள் அனைவருக்கும் சம பங்கு உண்டு என்பது நெப்போலியன் வகுத்த சட்டம். ஒவ்வொரு மரணமும் ஒரு பாகப்பிரிவினை, ஒவ்வொரு பாகப்பிரிவினையும் ஒரு புதிய வரப்பு. இன்று மதிலுக்குள்ளே சுமார் 80 சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரிய மிராசுதாருக்கே ஐந்தரை ஹெக்டேர்தான் உண்டு. சிலருக்குச் சொந்தம் நாலைந்து கொடி வரிசைகள் மாத்திரமே. இந்தத் தோட்டம் அடங்கிய பர்கண்டிப் பிரதேசத்துப் பீப்பாய் ஒன்று 228 லிட்டர் கொள்ளும், அதாவது ஏறக்குறைய 300 புட்டி. வருஷத்துக்கு இரண்டொரு பீப்பாய்க்கு மேல் காணாத சொந்தக்காரர்கள் இங்கே உண்டு.

இந்த எண்பது பேரும் தத்தம் புட்டியின்மேல் ‘க்ளோ த வூஜோ’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன் கீழே ‘க்ரான் க்ரூ’ என்ற உச்சப் பட்டத்தையும் போட்டுக் கொள்ளச் சட்டபூர்வமான உரிமை படைத்தவர்கள். மேட்டில் நிலம் உள்ளவனுக்கும் அந்தப் பட்டம்தான், பள்ளத்தில் உள்ளவனுக்கும் அதேதான். கொடியில் காய் மிகுந்தால் சாரம் குறையுமே என்று அஞ்சிப் பாதிக் குலைகளைப் பிஞ்சிலேயே கிள்ளி எறிகிறவனும், எடை கூடட்டும் என்று அத்தனையையும் விட்டுவைக்கிறவனும் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒரே ஆண்டில் விளைந்த இரண்டு புட்டிகளை அருகருகே வைத்துத் திறந்தால், ஒன்று நாவை விட்டு இறங்கிய பின்பும் நெடுநேரம் மணம் வீசிக் கொண்டிருக்க, மற்றது சாயத் தண்ணீரைப் போல் சப்பென்று முடிந்துவிடுவதும் நேரும். சட்டம் பொய் சொல்லவில்லை. எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்கு அது ஜாமீன் நிற்கும். எந்தக் கை அதைச் செய்தது, எவ்வளவு சிரத்தையோடு செய்தது என்பதற்கு ஜாமீன் நிற்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. ஆகவே என் அபிப்பிராயத்தைச் சுற்றி வளைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: புட்டியின் சீட்டில் பெரிய எழுத்தைப் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மனிதன் பெயரைப் படியுங்கள்.

பெரிய எழுத்து எதைத்தான் சொல்லுகிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பர்கண்டியில் சிவப்பு ஒயின் என்றால் அநேகமாகப் பினோ நுவார், வெள்ளை ஒயின் என்றால் அநேகமாக ஷார்டனே. திராட்சையின் ஜாதி இவ்வளவு எளிது என்பதாலோ என்னவோ, சிக்கலையெல்லாம் நிலத்தின்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1935-இல் பிரெஞ்சு அரசாங்கம் வகுத்த பிறப்பிடச் சட்டத்தின் கீழ், அடித்தளத்தில் பிரதேசத்தின் பெயரை மட்டும் தாங்கிய சாதாரண ‘பூர்கோஞ்’, அதற்கு மேலே கிராமத்தின் பெயர் தாங்கியது, அதற்கும் மேலே ‘ப்ரெமியே க்ரூ’ எனப்படும் குறிப்பிட்ட தோட்டங்கள், சிகரத்தில் 33 ‘க்ரான் க்ரூ’க்கள். சிகரத்தில் உள்ளவை மொத்த விளைச்சலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் போவதில்லை.

இந்தப் படிக்கட்டிலும் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது. வூஜோவுக்கு வடக்கே நாலு மைலில் ஷெவ்ரே என்ற கிராமம். அதன் எல்லைக்குள் ஷாம்பெர்த்தான் என்ற கியாதி பெற்ற தோட்டம் இருந்தது. நெப்போலியனுக்கு மிகவும் பிரியமானது என்பார்கள். தோட்டத்தின் பெயரைத் தங்கள் ஊரின் பெயரோடு முடிந்துகொண்டால் ஊரில் விளையும் எல்லாவற்றுக்கும் அந்த வாசனை ஒட்டும் என்று ஊரார் கணக்கிட்டு, 1847-இல் கிராமத்தின் பெயரையே ஷெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்று மாற்றிக் கொண்டார்கள். அதைக் கண்டு பக்கத்துக் கிராமங்களும் ஒவ்வொன்றாகத் தத்தம் ஊரில் பிரசித்தி பெற்ற தோட்டத்தை வாலாகக் கட்டிக் கொண்டன. விளைவு யாதெனில், ஷாம்பெர்த்தான் என்பது ஒன்று, ஷெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்பது முற்றிலும் வேறொன்று. பெயர் நீளமாக இருப்பதுதான் படியில் தாழ்ந்தது. கொடைக்கானல் ரோடு என்ற ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, குளிருக்குக் கம்பளியை எடுத்துப் போர்த்திக் கொள்ளுகிற பிரயாணியின் கதிதான் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் காசு கொடுக்கிறவருடைய கதியும். மலை இன்னும் ஐம்பது மைல் தள்ளி இருக்கிறது.

இனிச் சிறிய எழுத்துக்கு வருவோம். நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை பர்கண்டியில் திராட்சை பயிரிட்டவன் ஒருவன், புட்டியில் அடைத்து விற்றவன் வேறொருவன். ‘நெகோசியான்’ எனப்பட்ட மொத்த வியாபாரிகள் பத்துப் பேரிடம் பீப்பாய் பீப்பாயாக வாங்கி, ஒன்றாகக் கலந்து, தங்கள் பெயரில் விற்றார்கள். அந்தக் கலவையில் தெற்கிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்த கனமான ஒயின் ரகசியமாகச் சேர்வதும் உண்டு. இதைச் சகியாத சில பயிராளர்கள், ஆன்ஜெர்வில், கூஜ், ரூஸோ முதலியோர், 1920-களிலும் 30-களிலும் தங்கள் தோட்டத்து ஒயினைத் தாங்களே புட்டியில் அடைத்து, தங்கள் பெயரைச் சீட்டில் பொறித்து விற்கத் துணிந்தார்கள். வியாபாரிகள் அவர்களைப் பகிஷ்கரித்தும் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ‘மி ஆன் பூத்தேய் ஓ தொமேன்’, அதாவது தோட்டக்காரரின் இடத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டது, என்ற வாசகத்தின் பின்னால் இந்தச் சரித்திரம் இருக்கிறது. அதை இதர வாசகங்களோடு குழப்பிக் கொள்ளக்கூடாது. ‘எங்கள் நிலவறையில் அடைக்கப்பட்டது’ என்று ஏறக்குறைய அதே தோரணையில் ஒரு வாசகம் உண்டு. நிலவறை எல்லாரிடமும்தான் இருக்கிறது, திராட்சை யாருடையது என்பதைப் பற்றி அது வாயைத் திறப்பதில்லை. மொத்த வியாபாரிகளிலும் உத்தமர்கள் உண்டு, சொந்தத் தோட்டக்காரர்களிலும் சோம்பேறிகள் உண்டு என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும்.

மனிதன் பெயரைப் பிடித்துவிட்டோம், இனி அபாயமில்லை என்று நிமிரும்போது பாகப்பிரிவினை மறுபடியும் குறுக்கே வருகிறது. வூஜோவை அடுத்த வோன்-ரொமானே கிராமத்தில் க்ரோ என்பது ஒரு பழைய குடும்பத்தின் பெயர். ஆன் க்ரோ, மிஷேல் க்ரோ, ஆ.எஃப். க்ரோ, க்ரோ ஃப்ரேர் எ ஸர் என்று நான்கு சீட்டுகள் கடையில் ஒரே வரிசையில் நிற்கும். எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. நிலம் வேறு, கை வேறு, ருசி வேறு. பாட்டனார் நடத்திய பலகாரக் கடையின் பெயரை அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு தெருவில் மாட்டிக் கொண்டு, ஒவ்வொருவரும் தம்முடையதே அசல் என்று பலகை எழுதி வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை. குடும்பப் பெயரோடு நில்லாமல் முதற்பெயரையும் சேர்த்து ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்த மனிதர் நல்ல தொழிலாளிதானா என்பதை எப்படி அறிவது? நான் கண்டவரையில் இதற்கு ஒரே மார்க்கம் உண்டு; அது செலவு குறைந்ததும்கூட. கல்யாணச் சமையற்காரரைப் பரீட்சை செய்ய விரும்புகிறவர் பாதாம் அல்வாவைக் கேட்பதில்லை; ரசத்தை ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்ப்பார். அதைப்போல, அந்தத் தோட்டக்காரர் செய்யும் ஒயின்களில் கடைசிப் படியில் இருக்கும் சாதாரண பூர்கோஞ்சில் ஒரு புட்டியை வாங்கிப் பாருங்கள். நல்ல நிலம் செய்த புண்ணியம் அதில் இல்லை; இருப்பதெல்லாம் அவருடைய கைதான். அது சுத்தமாகவும், பழத்தின் மணம் மாறாமலும், இன்னொரு வாய் குடிக்கத் தூண்டுவதாகவும் இருந்தால், அவர் செய்த கிராம ஒயினுக்கு உயர்ந்து போகலாம். சிரத்தையுள்ள மனிதர் செய்த கிராம ஒயின், அசிரத்தையான மனிதர் செய்த க்ரான் க்ரூவைப் பல நாள் வெட்கப்படச் செய்யும். விலையிலோ அது பாதிகூட இராது.

விலையைப் பற்றிய பிரமையை விஞ்ஞானிகள் கொஞ்சம் கலைத்திருக்கிறார்கள். 2001-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், போர்தோ நகரத்தில் ஒயின் சாஸ்திரம் பயின்ற 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை முகர்ந்து பார்த்து, சிவப்பு ஒயினுக்கே உரிய வர்ணனைகளைத் தாராளமாக அள்ளி வழங்கினார்கள். 2008-இல் கலிஃபோர்னியாவில் வேறு சிலர், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் என்று கேட்டவுடன் குடித்தவர்களுக்கு அது அதிகமாகப் பிடித்தது. வாய் சொன்னது மட்டுமல்ல, மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பாகமும் அதிகமாகக் கிளர்ந்ததை யந்திரம் காட்டியது. அவர்கள் பாசாங்கு செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத் தக்கது. போர்தோவில் புகழ்பெற்ற 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையே அதற்கு முன் சந்தையில் நிலவிய விலைகளைப் பார்த்துத் தரகர்கள் எழுதியதுதானே! அந்த வரிசையின் முதல் வகுப்பில் அதன்பின் புதிதாக இடம் கிடைத்தது ஒரே ஒரு தோட்டத்துக்கு, 1973-இல்.

புட்டி கனமாக இருப்பதும், அதன் அடிக்குழி ஆழமாக இருப்பதும், தங்க நிறத்தில் பதக்க முத்திரை ஒட்டியிருப்பதும் ஒயினின் குணத்துக்குச் சாட்சிகள் அல்ல. கலத்தைப் பார்த்து மயங்குவது இன்று நேற்று வந்த பழக்கமும் அன்று. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் பாடிய சங்கப் புலவரே அது வந்த கலத்துக்கும் நல்லது என்று ஓர் அடைமொழியைச் சேர்த்துத்தான் பாடினார். அங்கே கலம் என்றது பாத்திரத்தையா மரக்கலத்தையா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது, மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஜாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. ஒயின் எப்படி இருந்தது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

புட்டி கடையில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜன்னலோரத்தில் வெயில்படும்படி மாதக்கணக்காக நின்ற புட்டி, யார் செய்ததாக இருந்தாலும் வேண்டாம். வெளிச்சமும் சூடும் ஒயினுக்குப் பரம சத்துருக்கள். பர்கண்டி நிலவறைகளில் வருஷம் முழுவதும் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரிக்கு மேல் ஏறாத குளிர்ச்சி. நம் சென்னைச் சித்திரை மாதத்தில் அலமாரியில் கிடக்கும் புட்டியின் அவஸ்தையை ஊகித்துக் கொள்ளலாம். அறுவடை ஆண்டைப் பற்றி நிரம்பக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கட்சி. வசந்தத்தில் உறைபனியும் கோடையில் ஆலங்கட்டி மழையும் பர்கண்டிக்குப் புதியனவல்ல. 2021-இல் உறைபனி கொண்டுபோன நஷ்டம் கொஞ்சமல்ல. ஆனால் நல்ல ஆண்டில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். மோசமான ஆண்டில்தான் கெட்டிக்காரர் யார் என்பது வெளிப்படும். அந்த ஆண்டுகளில் அவர்களுடைய புட்டி சற்று மலிவாகவும் கிடைக்கும்.

பெரிய எழுத்தை மட்டும் படித்துக் கெட்டவர்களில் கோடீசுவரர்களும் உண்டு. 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு, வூஜோவுக்கு இரண்டொரு மைல் வடக்கே உள்ள க்ளோ சான் தெனி என்ற தோட்டத்தின் பழம்புட்டிகள் வந்தன. செய்தவர் பெயர் போன்ஸோ. ஆண்டுகளோ 1945 முதல் 1971 வரை. மங்கிய சீட்டு, பழைய மெழுகு, தூசி, எல்லாம் லட்சணமாக இருந்தன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லோரான் போன்ஸோ என்பவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, கடல் கடந்து நேரே ஏல மண்டபத்துக்கே வந்துவிட்டார். புட்டிகள் ஏலத்திலிருந்து வாபஸ் பெறப்பட்டன. அவருடைய குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982-இல்தான்! புட்டிகளை ஏலத்துக்கு அனுப்பிய ரூடி கூர்னியாவான் என்ற இளைஞர் 2012-இல் கைதானபோது, கலிஃபோர்னியாவில் அவர் குடியிருந்த வீட்டில் கட்டுக்கட்டாகப் பழைய ஒயின்களின் சீட்டுகள் கிடைத்தன. 2014-இல் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். தோட்டத்தின் பெயரில் அவருக்குப் பாண்டித்தியம் இருந்தது, ஆண்டுகளின் பெருமையும் மனப்பாடம், நாக்கும் அபாரமானது என்று பழகியவர்கள் சொன்னார்கள். ஒரு வீட்டார் எந்த வருஷம் எந்தக் கொல்லையில் காலை வைத்தார்கள் என்ற சின்ன விவரம்தான் தெரியாமற் போயிற்று.

நம்மைப் போன்றவர்களுக்கு ஏல மண்டபம் எதற்கு? தெருக்கோடிக் கடையில் வாங்கிய புட்டியை இரவுச் சாப்பாட்டின்போது திறப்போம். உணவு விடுதிகளில் பரிமாறுகிறவர் முதலில் ஒரே ஒரு வாய் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பாரே, அது ஒயின் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு அல்ல. தக்கை கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுவதற்கு. சில தக்கைகளில் சேரும் ஒரு ரசாயனம், கண்ணுக்குத் தெரியாத அற்ப அளவிலேயே, எப்பேர்ப்பட்ட ஒயினையும் மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைப் போல் நாறச் செய்துவிடும். இதில் தோட்டக்காரர் குற்றமுமில்லை, கடைக்காரர் குற்றமுமில்லை, வாங்கியவருடைய குற்றம் சிறிதுமில்லை. அப்படி நேர்ந்தால் புட்டியைக் கொட்டிவிடாமல், தக்கையை மறுபடி செருகி, மறுநாள் காலையில் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். சில கடைக்காரர்கள் வாதாடுவார்கள். நல்ல கடைக்காரர் தக்கையைப் பிடுங்கி ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். தலையை அசைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போய், அதே மனிதர் செய்த வேறொரு புட்டியைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைப்பார்.